மூன்று வட்டப் பாட்டு

ஜேக்கப் சின்னச் சின்னதாகப் பொய் சொல்லுவான். ராயபுரத்தில் எங்கள் சந்தில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. வேலைக்கு மட்டம் போட்டால் காய்ச்சல் என்பான். குடித்துவிட்டு வந்தால் பல்வலிக்கு மருந்து என்பான். அப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பழகியவன், ஒரு ஜப்பான்காரனிடமும் ஒன்றைச் சொல்லிவைத்தான். அந்த ஒன்று மட்டும் அவனை விடவே இல்லை.

துறைமுகத்தில் அவனுக்குச் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிற வேலை. இரும்புத் தாது ஏற்றிப்போக அப்போது ஜப்பான் கப்பல்கள் வரும். ஆள்கள் கூடை சுமந்து நிரப்ப வேண்டியிருந்ததால் வந்த கப்பல் லேசில் கிளம்பாது. அப்படி நின்ற ஒரு கப்பலில் மின்சார வேலை பார்த்தவன் நகானோ. பீடிக்குச் சிகரெட் மாற்றிக்கொண்டதில் இரண்டு பேரும் தோஸ்து ஆகிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜேக்கப் அவனை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான்.

ஜேக்கப்பின் மனைவி சிலுவையம்மாள் வைத்த சங்கரா மீன் குழம்பை, கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சாப்பிட்டான் நகானோ. பிறகு ஜேக்கப் ரெக்கார்டு பெட்டியைத் திறந்தான். எங்கள் சந்தில் இருந்தது அது ஒன்றுதான். சினிமாப் பாட்டுக்கு நகானோ தொடையில் தாளம் போட்டான். போகும்போது தன் மார்பைத் தட்டி, "நெக்ஸ்ட் ஷிப், ஜப்பான் சாங்" என்றான். அன்றிலிருந்து ஜேக்கப் சந்து முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தான்.

சொன்னபடியே நகானோ மறுமுறை ரெக்கார்டோடு வந்தான். வந்த வேளைதான் சரியில்லை. விபூதி புதன் கழிந்து, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு தொடங்கியிருந்தது. அந்தத் தபசு காலம் தொடங்கினால் சிலுவையம்மாள் ரெக்கார்டு பெட்டிமேல் ஒரு பழைய புடவையைப் போர்த்திக் கட்டிவிடுவாள். ஈஸ்டர் வரைக்கும் வீட்டில் பாட்டு கிடையாது. எங்கள் சந்தில் எல்லா வீட்டிலும் அதுதான் வழக்கம்.

நகானோ உறையைக் காட்டினான். தலைமுடி வளர்த்த நாலு பையன்கள், கையில் மின்சார கிதார். ஜப்பானில் பெண்பிள்ளைகள் இவர்களைப் பார்த்து மயங்கி விழுகிறார்கள் என்று அவனே ஒருமுறை மயங்கி விழுந்து காட்டினான். உறையின் பின்பக்கம் பாட்டுகளின் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் வட்டம் போட்டிருந்தான். ஒரு வட்டம் என்றால் நல்ல பாட்டு. இரண்டு வட்டம் என்றால் இன்னும் நல்ல பாட்டு. ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் மூன்று வட்டம். அதைத் தொட்டுக் காட்டி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டான். பிறகு பெட்டியின் பக்கம் திரும்பினான்.

ஜேக்கப் சட்டென்று, "மிஷின் நோ குட். ரிப்பேர்" என்றான்.

அடுப்படியிலிருந்து சிலுவையம்மாள் எட்டிப் பார்த்தாள். "இன்னாய்யா சொல்றே அவன்கிட்ட? தபசு காலம்னு சொல்லேன். அவனுக்கும் ஒரு சாமி இருக்காதா இன்னா?"

"அத்த இங்கிலீஷ்ல எப்டிம்மே சொல்றது? நீ சும்மா கெட."

கெட்டுப்போன மிஷின் என்றதும் நகானோவின் முகம் மலர்ந்துவிட்டது. மின்சார வேலைக்காரனிடம் போய் அந்தப் பொய்யைச் சொல்லலாமா? மறுநாள் சாயங்காலம் கருவிப் பையோடு வந்து நின்றான். வேண்டாம் வேண்டாம் என்று ஜேக்கப் சொன்னதை மரியாதைக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, தானே புடவையை அவிழ்த்து, பெட்டியைக் கழற்றி, ஒவ்வொரு ஒயராகத் தொட்டுப் பார்த்தான். பிளக்கைச் சொருகினான். தட்டு சுற்றியது. ஒரு குறையும் இல்லாமல் சுற்றியது.

சுற்றுகிற தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு ஜேக்கப்பைப் பார்த்தான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சுவரில் தொங்கிய சிலுவையைக் கைகாட்டியிருந்தால்கூடப் போதும். பாவி மனுஷன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

நகானோ திருகாணிகளைத் திரும்ப முடுக்கினான். புடவையைப் பழையபடி போர்த்தி, சிலுவையம்மாள் கட்டியதைவிட ஒழுங்காகக் கட்டினான். ரெக்கார்டை அதன்மேல் வைத்துவிட்டு, இரண்டு பேருக்கும் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். அதற்குப் பிறகும் கப்பல் டெக்கில் பார்க்கும்போது சிகரெட் கொடுத்தான், சிரித்தான். பாட்டைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. ஈஸ்டருக்கு முந்தின வாரம் வரும் குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்பே கப்பல் போய்விட்டது.

ஈஸ்டர் பூசை முடிந்து வந்ததும் ஜேக்கப் அந்த ரெக்கார்டைத்தான் போட்டான். ஒரு வட்டப் பாட்டுக்குச் சந்துப் பிள்ளைகள் ஆடித் தீர்த்தார்கள். மூன்று வட்டப் பாட்டு நிதானமாகத் தொடங்கியது. முதலில் ஒரு கிதார், அப்புறம் ஒரு பையனின் குரல். டிரம் கடைசியில்தான் வந்தது. வெங்காயம் அரிந்துகொண்டிருந்த சிலுவையம்மாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாரோ கரையில நின்னுகினு கூப்டற மாதிரி கீதுய்யா" என்றாள்.

 இதை நகானோவோடு உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும் என்று ஜேக்கப் அன்றைக்கே எங்களிடம் சொல்லிப் புலம்பினான். அடுத்த தடவை அவனைக் கண்டதும் பாடிக்காட்டுவது என்று அந்தப் பாட்டை வாயாலேயே பழக ஆரம்பித்தான். ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாது. வின்ச் ஓட்டும்போதும் அதுதான், பல் விளக்கும்போதும் அதுதான்.

மழைக்காலம் முடிந்து அதே கப்பல் வந்தது. ஏணியில் முதல் ஆளாக ஏறினான் ஜேக்கப். நகானோ இல்லை. வேறு கப்பலுக்கு மாறிப் போய்விட்டானாம். அவன் வேலையில் ஒரு வாலிபன் இருந்தான். ஜேக்கப் என்ற பெயரைக் கேட்டதும் உள்ளே ஓடிப்போய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினான். நகானோ கொடுத்துவிட்டுப் போனது. உள்ளே வாசனை சோப்புக் கட்டிகள்.

அந்த வாலிபனின் அறை வாசலில் ரெக்கார்டுகள் அடுக்கியிருந்தன. ஜேக்கப்பின் கண் அங்கே போனதைப் பார்த்து அவன் அவசரமாகக் கையை ஆட்டினான். "நகானோ டெல் மீ, ஜேக்கப் குட் மேன். குட் ஃபிஷ்" என்றான். பிறகு இரண்டு விரலைப் பெருக்கல் குறி மாதிரி வைத்துக் காட்டி, "ஜேக்கப் ஹவுஸ், நோ சாங்" என்றான்.

ஜேக்கப் அங்கேயே, டெக்கில் நின்றபடி, மூன்று வட்டப் பாட்டைப் பாடினான். குரல் உடைந்து நடுவில் நின்றுபோனது. அந்த வாலிபன் கைதட்டிச் சிரித்தான்.

"யூ டெல் நகானோ" என்றான் ஜேக்கப். "மிஷின் குட். அன்னிக்கும் மிஷின் குட்."

அந்த வாலிபனுக்கு என்ன புரிந்ததோ, "குட், குட்" என்று சந்தோஷமாகத் தலையாட்டினான்.