ஒரே ரொட்டியைத் தின்ற பதினோரு பேர்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கூலிக்கு நின்ற பெண்கள் தங்கள் கூலியைத் தாங்களே சொன்ன கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பெர்கானாவில், பாலத்தடியில் கூலிக்கு ஆள் எடுப்பார்கள். நாங்கள் பதினோரு பெண்கள் தினமும் அங்கே நிற்போம். வண்டி வந்தால் ஓடுவோம்; குறைவாகக் கேட்பவளுக்கே வேலை. நாளுக்கு எண்பதாயிரம் சோம் பணமாக இருந்த கூலி அப்படித்தான் ஐம்பதாயிரத்துக்கு இறங்கியது.

ஒருநாள் காலையில் நோர்பிபி அக்கா ஒரு ரொட்டியைப் பதினோரு துண்டாகப் பிய்த்தாள். "இதைத் தின்னவ எண்பதாயிரத்துக்குக் குறைஞ்சு வண்டி ஏறக்கூடாது." ஆளுக்கொரு துண்டு தின்றோம். ரொட்டிமேல் செய்த சத்தியத்தை எங்களில் யாரும் மீறமாட்டோம்.

வெங்காயத் தோட்டக்காரர் எர்காஷ் வேனில் வந்தார். யாரும் ஓடவில்லை.

"என்னம்மா, காலு மரத்துப்போச்சா?" என்று சிரித்தவர் எங்களில் ஒருத்தியான சுல்ஹுமோரைப் பார்த்தார். நாலு நாளாக அவளுக்கு வேலையில்லை. வீட்டில் மாவும் தீர்ந்திருந்தது.

"நீ மட்டும் வா தங்கச்சி, எழுபதாயிரம் தரேன்."

சுல்ஹுமோர் நின்ற இடத்தைவிட்டு அசையாமல் சொன்னாள்:

"ரொட்டி இன்னும் தொண்டையிலேயே நிக்குது அண்ணே. பதினோரு பேருக்கும் எண்பதுன்னு சொல்லுங்க, உள்ள இறங்கிடும்."

எர்காஷ் கோபத்தோடு வேனை ஓட்டிக்கொண்டு போனார். ஆண்களெல்லாம் பிழைப்புத் தேடி ருஷ்யாவில், ஊரில் வேறு ஆளில்லை. மேற்கே மேகம் கறுத்தது. பிடுங்கிப் போட்ட வெங்காயம் நனைந்தால் அழுகிவிடும். வேன் திரும்பி வந்தது.

"எண்பதே தரேன், சீக்கிரம் ஏறுங்க தாயீ!"

சுல்ஹுமோரை முன் இருக்கையில் ராணி மாதிரி உட்காரவைத்த பிறகுதான் நாங்கள் ஏறினோம். அன்றிலிருந்து அந்தப் பாலத்தடியில் நாங்கள் ஓடுவதில்லை. முதலாளிகள்தான் இறங்கி வருகிறார்கள்.

உங்கள் வீட்டு அடுப்பில் என்றும் ரொட்டி மணக்கட்டும். உழைக்கும் கைகளுக்கு உரியது குறையாமல் வந்து சேரட்டும்.