இரண்டாவது ஓட்டம்

தொலைக்காட்சி நிலையத்தின் முப்பதாண்டு மலரில் அந்த நாளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வரி: ‘கடும் பனியால் உள்ளூர்ச் செய்தி இருமுறை ஒளிபரப்பாயிற்று.’ பனியாம்! பாவம், பனி என்ன செய்தது?

கிகுயோவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அப்போது அவள் படச்சுருளை வெட்டி ஒட்டும் பிரிவில் இருந்தாள். நிலையம் தொடங்கி இரண்டு வருடம்தான். வடக்கே மீன்பிடிப் படகு ஒன்று கவிழ்ந்து, இன்னொரு படகு சிலரைக் காப்பாற்றிக் கரை சேர்த்திருந்தது. எத்தனை பேர், யார் யார், எதுவும் தெரியவில்லை. புயலில் அந்தப் பக்கத் தொலைபேசிக் கம்பியெல்லாம் அறுந்து கிடந்தது. கவிழ்ந்த படகில் அவள் தம்பி தெய்ஜி இருந்தான்.

அங்கே துறைமுகத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர்தான் நிலையத்துக்கும் படம் எடுத்துத் தருவார். கரை சேர்ந்தவர்களை எடுத்த படச்சுருளை வழக்கம்போல ரயில் கார்டிடம் கொடுத்துவிட்டிருந்தார். பிழைத்தவர்கள் பெயர் எழுதிய துண்டுச்சீட்டுகூட இல்லை. ரயிலோ பனியில் ஊர்ந்து வந்தது. கிகுயோ ஜன்னலுக்கும் கடிகாரத்துக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்தாள்.

“ஏம்மா, கொஞ்சம் உக்காரேன். உன்னப் பாத்தா எனக்குத் தலை சுத்துது” என்றார் செய்தி ஆசிரியர் ஒகாபே.

“உக்காந்தா ரயில் சீக்கிரம் வந்துருமா சார்?”

வந்தது, ஆறு மணிச் செய்திக்குக் கொஞ்சம் முன்னால். கழுவி எடுத்த படம் ஈரம் காயுமுன் அவள் கைக்கு வந்தது. நெகடிவ். ஒளிபரப்பும்போதுதான் இயந்திரம் அதை நேராக மாற்றிக் காட்டும். அதுவரை முகமெல்லாம் கறுப்பு, தலைமயிரெல்லாம் வெள்ளை. விளக்கில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். எல்லாருமே கிழட்டுப் பேய்களாகத் தெரிந்தார்கள். கூடப் பிறந்தவனைக் கண்டுபிடிக்க முடியவில்லையே, நானெல்லாம் ஒரு அக்காவா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

“செய்தில ஒரு நிமிஷம்தான் இடம் இருக்கு. கேமரா ஆடினது, முதுகு தெரியறது எல்லாத்தையும் தூக்கிப்போடு” என்று ஒகாபே கத்தினார்.

தூக்கிப்போட்டாள். மிச்சத்தை ஒட்டி ஓடிப்போய்க் கொடுத்தாள். கட்டுப்பாட்டறைத் திரையில் பேய்கள் மனிதர்களாயின. போர்வை போர்த்தி, கஞ்சிக் கிண்ணத்தோடு ஒவ்வொரு முகமாக வந்தது. தெய்ஜி இல்லை.

உடனே தொலைபேசி அடித்தது. அம்மா. பொதுக்குளியலகத்தில் காசு வாங்கும் மேடையில் உட்காருபவள் அவள். அங்கே தொலைக்காட்சிப் பெட்டி உண்டு.

“இல்லல்ல?” என்றாள் அம்மா.

கிகுயோ போனைத் துண்டிக்காமல் மேசையில் போட்டுவிட்டுக் குப்பைக்கூடையைக் கவிழ்த்தாள். வெட்டிப்போட்ட துண்டுகளை ஒட்டி, சோதனைத் திரையில் ஓட்டினாள். ஆடிய காட்சி ஒன்று. அதில் ஒருவன் கேமராவைக் கண்டதும் சட்டென்று முதுகைக் காட்டி, நாயை விரட்டுவதுபோலக் கையை வீசினான். புத்தாண்டுக்கு அவள் வீட்டுக்குக் கேமரா கொண்டுபோனபோது இதே வீச்சுதான் தெய்ஜி வீசினான். ‘உன் டிவில என் மூஞ்சிய காட்டின, கொன்னுடுவேன் அக்கா!’

அட கடங்காரா! அவள் வாய்விட்டுத் திட்டினாள். கன்னமெல்லாம் நனைந்துபோனது. ஓடிப்போய்ப் போனை எடுத்தாள்.

“அம்மா, இருக்கான்மா. நான்தான் வெட்டிப்போட்டுட்டேன்.”

“எனக்கு வலிக்கக் கூடாதுன்னு சின்ன வயசுலேர்ந்து பொய் சொல்றவ நீ. ஊரே பாத்துச்சு, அவன் இல்ல. இருந்தா காட்டு.”

கிகுயோ ஒகாபேயின் மேசைக்கு ஓடினாள். “சார், வானிலை அறிக்கைக்குப் பதிலா வெட்டினதப் போடணும்.”

“விளையாடறியா? மிசோ விழுது விக்கற கம்பெனி விளம்பரத்துக்குக் காசு குடுத்து வாங்கின நேரம் அது. என்னத் தொலைச்சுடுவான். அதுவும் முதுக எவன் பாப்பான்?”

“பெத்தவ பாப்பா சார்.”

ஒகாபேயின் மேசையில் போன் அடித்தது. எடுத்தார். எதிர்முனையில் ஒரு பெண் அழுதாள். அவள் புருஷனையும் திரையில் காணவில்லையாம். கேட்டுவிட்டு மெல்ல வைத்தார். அதற்குள் மறுபடி அடித்தது.

“வெட்டினதுல எத்தன ஆளு இருக்கு?”

“மூணு பேர் சார்.”

“எல்லாத்தையும் ஒட்டு. ஆடினா ஆடட்டும். மிசோக்காரன நான் பாத்துக்கறேன்.”

மழையும் பனியும் சொல்லவேண்டிய நேரத்தில் மூன்று முதுகுகள் போயின. அறிவிப்பாளர், “முன்பு காட்டாத காட்சிகள்” என்றார். அதற்குமேல் அவருக்கும் எதுவும் தெரியாது. கிகுயோ போன் பக்கத்தில் நின்று நகத்தைக் கடித்தாள். அடித்தது. எடுத்தாள். குளியலகப் பெண்களின் கூச்சல் மட்டும் கேட்டது.

“அம்மா? பாத்தியா? சொல்லேன்மா!”

“முடி வெட்டிக்கிட்டுப் போடான்னு எத்தன தடவ சொன்னேன்,” என்றாள் அம்மா. “பாரு, பின்னாடி எப்பிடித் தொங்குது.”