கண்டல் இலைக்கு ஒரு பாராட்டு விழா

செட்டிபாளையத்தில் பதாகை கட்டாமல் யாரும் எதிலும் சித்தியடைவதில்லை. புலமைப்பரிசில் முதல் கிராம சேவகர் நியமனம் வரை, சந்தியில் படம் தொங்கினால்தான் ஊர் ஏற்றுக்கொள்ளும். ஆகவே, கண்டல் இலையையும் மூட்டுவாதத்தையும் பற்றி யசோதினி செய்த ஆய்வுக்குப் பல்கலைக்கழகத்தில் முதற்பரிசு என்று கேள்விப்பட்டதும், எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவன் வினோஜன் ஆய்வின் முடிவு என்ன என்று விசாரித்து நேரத்தை வீணாக்கவில்லை. "மூட்டுவாதத்துக்கு மருந்து கண்ட எம் மண்ணின் மகள்" என்று அச்சடித்துக் கட்டிவிட்டான். மகளுக்குப் பக்கத்தில் வாவிக்கரைக் கண்டல் மரம் ஒன்றும், மரத்தைவிடப் பெரிதாக வினோஜனும் நின்றார்கள்.

யசோதினி விடுதியிலிருந்து வந்தது, பதாகை கட்டி இரண்டு கிழமைக்குப் பிறகு, பாராட்டு விழா அன்று காலையில்தான். பதாகையைப் பார்த்துச் சிரித்தாள். எதிரே தன் மாமியின் அப்பக்கடை பூட்டிக் கிடந்ததைக் கண்டதும் சிரிப்பு நின்றது. பதாகைக்கு ஏணி பிடித்த என்னையும் கூட்டிக்கொண்டு மாமி வீட்டுக்கு ஓடினாள்.

மாமி ஆச்சிப்பிள்ளைக்கு மூட்டுவாதம். கிளினிக்கில் கொடுத்த புதுக் குளிசை போடத் தொடங்கிய பிறகுதான் அப்பச்சட்டியைச் சுழற்றக் கை மறுபடி வந்தது. இப்போது விரல்கள் வீங்கி, தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தார். அடுப்பில் கண்டல் இலை கொதித்தது.

"ஒன்ட மருந்து வந்திட்டெண்டு சந்தியில போட்டிருக்காங்களே புள்ள. பிறகென்னத்துக்கு அந்தக் குளிசை? நிப்பாட்டிட்டன்."

தான் மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று யசோதினி சொன்னாள். மாமி அவளுடைய அடக்கத்தை மெச்சினார். மறுபடி சொன்னாள். மாமி இன்னும் கொஞ்சம் மெச்சினார். ஊர் பார்க்கக் கட்டியிருப்பதை மருமகள் ஒருத்தி குசினிக்குள் வந்து மறுத்தால் யார்தான் நம்புவார்கள்?

அங்கிருந்து வினோஜனிடம் போனோம். மேடையில் உண்மையைச் சொல்லப்போவதாக யசோதினி அறிவித்தாள். வினோஜன் பதறவில்லை. உண்மையைப் பிரதம அதிதி போன பிறகு சொன்னால் என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு, கதிரை அடுக்கப் போய்விட்டான்.

பின்னேரம் பொன்னாடை போர்த்தினார்கள். பிரதம அதிதி கண்டல் இலையின் மகிமையைப் பற்றி, அதை அன்றுதான் கேள்விப்பட்டவருக்குரிய உறுதியோடு பேசினார். பிறகு யசோதினி ஒலிவாங்கியைப் பிடித்தாள். முன்வரிசையில் இருந்த மாமியை மட்டும் பார்த்தாள்.

"மாமி, கரைவலை இழுக்கக்க உசரத்தில நிண்டு ஒருத்தர் சீலை வீசுவார். மீன் வந்திட்டெண்டு அர்த்தம். எல்லாரும் கயித்தப் பிடிப்பாங்க. ஒங்கட மூட்டில மீனே இல்ல, ஆனா சீலை வீச்சு நிக்கல்ல. ஒடம்பு வெறும் வலைய ராப்பகலா இழுக்குது. அதுதான் வீக்கம். சீலையப் பாத்து மற்றாக்களுக்குச் சொல்ற ஆள் ஒருத்தர் இருக்கார். கிளினிக் குளிசை அவரைத்தான் பிடிச்சு இருத்தி வைக்குது. நிப்பாட்டினா எழும்பிருவார்."

ஆய்வுகூடத்தில் வளர்த்த உயிர்க்கலங்களுக்கு அதே சீலை வீச்சுச் சமிக்ஞையைக் கொடுத்து, மேலே கண்டல் இலைச் சாற்றை விட்டுப் பார்த்ததைச் சொன்னாள். திரும்பத் திரும்ப விட்டுப் பார்த்ததையும் சொன்னாள்.

"என்ட சோதனையில இலை அந்த ஆளை அசைக்கக்கூட இல்ல. இலையால ஏலா. நான் கண்டுபிடிச்சது அதைத்தான். பரிசும் அதுக்குத்தான்."

ஏலாது என்று கண்டுபிடிக்கவும் பரிசு கொடுப்பார்களா என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்.

"ஓம். ஏலாதெண்டு தெரியாமத்தானே ஆக்கள் குளிசைய நிப்பாட்டுறாங்க."

அவள் குரல் இறங்கவில்லை, தலையும் குனியவில்லை. மருந்து கண்டுபிடித்தவர்கள்கூட அப்படி நிமிர்ந்து நின்றிருப்பார்களோ தெரியாது. கை தட்டுவதா என்று ஊருக்குக் குழப்பம். பிரதம அதிதி தட்டியதால் தட்டியது. ஆச்சிப்பிள்ளை மாமிக்குத் தட்ட முடியவில்லை. எழுந்து நின்றார்.

அடுத்த கிளினிக் நாளில் யசோதினியே மாமியைக் கூட்டிப்போனாள். டொக்டர் இரத்தம் சோதித்து, குளிசையை மீண்டும் தொடங்கச் சொன்னார். மருந்துக்காகக் காத்திருந்த வரிசையில் மண்டூர்ப் பெண் ஒருத்தி, முழங்கால் நோவுக்குக் கண்டல் இலை அவித்துக் குடித்தால் நல்லது என்று பக்கத்திலிருந்தவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மாமி திரும்பினார். நிமிராத சுட்டுவிரலால் மருமகளைக் காட்டினார்.

"பொறுங்ககா. அதால ஏலா எண்டு கண்டுபிடிச்சது எங்கட புள்ளதான்."