பேர் சொன்னால்தான் கரையேறும்

எட்டு மாதம் முடிந்த பிள்ளையை நீச்சல் வகுப்பில் விடுவதும், மணி அடித்ததும் பெற்றவளே பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கரையேற்றுவதும் ஊரில் உள்ள வழக்கம்தான். கூப்பிடாத பிள்ளையை ஆழத்துக்கு மாற்றிவிடுவார்கள். பூங்கோதை நேரத்துக்கு வந்திருந்தாள். மூன்று துண்டும் பவுடர் டப்பாவும் கொண்டுவந்திருந்தாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மணி அடித்தது.

"ராசா!" என்று கூப்பிட்டாள்.

தண்ணீரில் கிடந்த முப்பத்தேழு பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. எதுவும் வரவில்லை.

மாஸ்டர் நெஞ்சளவுத் தண்ணீரில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். பதிவேட்டைப் புரட்டினார். அது நனையவில்லை.

"ராசான்னு யாரும் இல்லம்மா. பதிவுல உள்ள பேரச் சொல்லுங்க."

"அத நான் சொல்லக் கூடாது மாஸ்டர். எங்க மாமா பேரு."

பிள்ளைக்குத் தாத்தா பேரை வைத்தாயிற்று. மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்வதாவது! ரேஷன் கடையில்கூட எழுதித்தான் காட்டுவாள். செத்து இரண்டு வருஷமான மனுஷனுக்கு இத்தனை மரியாதையா என்று கேட்டால், ஆமாம், அப்படித்தான்.

"எழுதித் தரட்டுமா?"

"தண்ணிக்கு வாசிக்கத் தெரியாதும்மா."

இதற்குள் குளம் பத்தடி நீண்டிருந்தது. பிள்ளை விலகிப் போய்க்கொண்டிருந்தான். மரியாதை பார்க்கிற நேரமா இது? கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

"பலவேசம்!"

மாமனார் படியேறி வந்தார். வேட்டியைப் பிழிந்தார்.

"என்ன தாயி, பேரச் சொல்லிக் கூப்பிடுத?"

கோபமெல்லாம் இல்லை. குளிருகிறது என்றார். துண்டைக் கொடுத்தாள்.

"ஆள் வந்தாச்சு. கையெழுத்துப் போடுங்க," என்றார் மாஸ்டர்.

"ஐயோ, இவுக இல்ல! எம்பிள்ள!"

"அப்ப இன்னொரு தரம் கூப்பிடுங்க. மூத்தவங்க வந்த பிறகுதான் சின்னவங்க."

கூப்பிட்டாள். மாமனாரின் தாத்தா வந்தார், காதில் கடுக்கனோடு. மறுபடி கூப்பிட்டாள். அவருடைய தாத்தா வந்தார். மூன்று பேரும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து நடுங்கினார்கள். துண்டு தீர்ந்துவிட்டது.

"இன்னும் எத்தன பேரு மாமா?"

"ஒரு தலமொற விட்டு ஒரு தலமொற இதே பேருதான் தாயி. எங்க தொடங்குச்சோ, யாரு கண்டா?"

அக்கரை இப்போது கண்ணுக்குத் தெரியவில்லை. பிள்ளையின் தலை புளியங்கொட்டை அளவில் தெரிந்தது. பூங்கோதைக்குத் தொண்டை கட்டிப்போயிற்று. இருந்தும் கூப்பிட்டாள். நாலாவது ஆள் படியில் கால் வைத்தார். தலை துவட்டச் சேலைத் தலைப்பை நீட்டினாள்.

"பையன் நல்லா நீந்துதான்," என்றார் மாமனார்.

உண்மைதான். முதல் வகுப்பு என்று சொல்லவே முடியாது. திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தான்.