செத்த பாக்டீரியாவின் சொத்து

கன்றுக்குட்டிகளின் வயிற்றுக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவை வளர்த்து, பொடியாக்கி விற்கும் தொழிற்சாலை அது. அங்கே தரப் பரிசோதனை செய்பவளுக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'சந்தேகம்'. கழுவியதை இன்னொரு முறை கழுவுவாள். சரியென்று வந்த விடையை இன்னொரு முறை போட்டுப் பார்ப்பாள். உற்பத்திப் பிரிவின் தலைவி அவளுடைய சொந்த அக்கா. வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு ஒரே வண்டியில் வேலைக்கு வருவார்கள். வேலையில் சண்டை போட்டுக்கொண்டு அதே வண்டியில் வீடு திரும்புவார்கள்.

அன்று காலை இன்குபேட்டரைத் திறந்த சந்தேகம், தட்டை வெளியே எடுத்து இரண்டு தரம் பார்த்தாள். ஆன்டிபயாட்டிக் கலந்த தட்டில் அவர்களுடைய பாக்டீரியா வளரவே கூடாது. அதுவோ ஜம்மென்று வளர்ந்திருந்தது. மருந்துக்கு அடங்காத இந்தக் குணத்தோடு அது கன்றின் குடலுக்குள் போய், அங்கிருக்கும் கெட்ட கிருமிகளுக்கும் அதைக் கொடுத்துவிட்டால்? நாளைக்குக் கன்று நோயில் விழும்போது எந்த ஊசியும் கேட்காது. பொடியோ கிடங்கில் மூட்டை மூட்டையாக லாரிக்குக் காத்திருந்தது.

அக்காவிடம் ஓடினாள். அக்கா தலையைக்கூட நிமிர்த்தாமல், "கை கழுவினியா?" என்று மட்டும் கேட்டாள்.

காரணம் இருந்தது. பக்கத்துக் கூடத்தில் சலவைத்தூளில் கறை நீக்கும் என்சைமைச் சுரக்க, மரபணு மாற்றிய வேறொரு பாக்டீரியா வளர்ந்தது. அதற்குள்தான், மாற்றம் பிடித்ததா என்று பார்க்கும் அடையாளமாக, மருந்தை எதிர்க்கும் மரபணுவை வேண்டுமென்றே வைத்திருந்தார்கள். அதைத் தொட்ட கையால் இதையும் தொட்டிருப்பாள் என்பது அக்காவின் கணக்கு. சந்தேகம் புதுக் கையுறை போட்டு, மேசையைத் துடைத்து, முதலிலிருந்து செய்தாள். மறுபடியும் வளர்ந்தது. விஷயம் முதலாளி காதுக்குப் போனது. அவர் எள்ளும் கொள்ளுமாக வெடித்தார். வார முடிவில் லாரி கிளம்பியாக வேண்டும், கை சுத்தமில்லாதவர்கள் மூட்டை கட்டும் பிரிவுக்குப் போகலாம் என்றார்.

வேறொருத்தியாக இருந்தால் அத்தோடு வாயை மூடியிருப்பாள். இவளுக்கோ அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பாக்டீரியாவுக்குப் போடும் ஒவ்வொன்றையும் நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவள் சூப்பில் வந்து நின்றாள்.

அந்தச் சூப் அக்காவின் யோசனை. பக்கத்துக் கூடத்தில் வேலை முடிந்த பாக்டீரியாவை வீணாக்காமல், கொதிக்க வைத்துக் கொன்று, கன்றுப் பொடி பாக்டீரியாவுக்கே தீனியாக ஊற்றினார்கள். முதலாளி பூரித்துப்போனார். அக்காவுக்குத் தலைவி நாற்காலி கிடைத்ததே அதனால்தான். அன்றைக்குக் கூட்டத்தில் முதலில் கைதட்டியவள் சந்தேகம். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவள் அக்காவை மட்டும் சந்தேகப்படவில்லை, அதுதான் வேடிக்கை.

இந்த வகைப் பாக்டீரியாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பசி வந்தால் வெளியே சிதறிக் கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அதைத் தின்று தீர்த்துவிடும். அது தன் பங்காளியுடையதாக இருந்தால் எப்போதாவது தன் டி.என்.ஏ.வோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு, சொந்தச் சொத்தைப்போல அனுபவிக்கும். பக்கத்துக் கூடத்துப் பாக்டீரியா நெருங்கிய பங்காளி. கொதிநீர் அதன் உயிரை எடுத்திருக்கும், மரபணுவை முழுக்க அழித்திருக்காது.

அக்கா காது கொடுக்கவில்லை. "செத்தது எப்படிடி எழுந்து வரும்?"

"செத்தது வரலைக்கா. அது வெச்சிருந்தது வந்திருக்கு."

அக்காவின் முகம் சுருங்கியது. குழாய் வழியாக நாலு பாக்டீரியா உயிரோடு கசிந்திருக்கலாம், குழாயை மாற்றினால் போதும் என்றாள். சந்தேகம் ஒற்றைக் காலில் நின்றாள். இரண்டில் எது என்று காட்டாமல் லாரி நகரக் கூடாது. உள்ளுக்குள், தான் சொல்வது தப்பாக இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் ஏங்கினாள்.

"சரி, காட்டு. ஆனா உன் கையை நான் நம்ப மாட்டேன். நானே செய்யறேன்," என்றாள் அக்கா.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அக்கா தட்டைத் தொட்டதே இல்லை. முதல் துளி தட்டுக்கு வெளியே விழுந்தது. அதன்பிறகு பழைய கை திரும்பிவிட்டது. மருந்து கலந்த ஒரு தட்டில் சூப்பை மட்டும் தடவினாள். கசிவு என்றால் இதில் வளர வேண்டும். இன்னொன்றில் சூப்பே காணாத தங்களுடைய சுத்தமான பாக்டீரியாவை மட்டும், அடுத்ததில் அதையே சூப்பில் ஊற வைத்துத் தடவினாள். கடைசியாக ஒரு சோதனைக் குழாயில் சூப்போடு டி.என்.ஏ.வைத் துண்டு துண்டாக்கும் என்சைமைச் சேர்த்து, கொஞ்சம் பொறுத்துப் பாக்டீரியாவை விட்டு, அதையும் மருந்துத் தட்டில் தடவினாள். அந்த என்சைமே பாக்டீரியாவைக் கொன்றுவிட்டால் என்ன செய்வாய் என்று தங்கையை மடக்கினாள். தங்கை யோசிப்பதற்குள் அவளே அந்தக் குழாயிலிருந்து மருந்தில்லாத தட்டிலும் தடவி வைத்தாள்.

மறுநாள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வண்டியைக் கிளப்பினார்கள். லேப் கதவைத் திறந்ததும் அக்காதான் முந்திக்கொண்டு தட்டுகளை வெளிச்சத்தில் பிடித்தாள்.

சூப் மட்டும் இருந்த தட்டு காலி. கசிவு இல்லை. சுத்தமான பாக்டீரியா மட்டும் இருந்ததும் காலி. சூப்பில் ஊறியதில் புள்ளி புள்ளியாக முளைத்திருந்தது. பங்காளியுடையது வழவழப்பாக இருக்கும், இவை சுருக்கம் விழுந்து வறண்டிருந்தன. சாட்சாத் இவர்களுடையதேதான். டி.என்.ஏ.வை வெட்டியதில் ஒரு புள்ளிகூட இல்லை. அதே குழாயிலிருந்து மருந்தில்லாத தட்டில் தடவியதோ விளிம்புவரை நிறைந்திருந்தது. என்சைம் யாரையும் கொல்லவில்லை.

அக்கா புள்ளி முளைத்திருந்த தட்டை மறுபடி எடுத்தாள். தட்டு அவள் கையில் இருந்தது, குப்பைத் தொட்டி காலடியில். ஒரு கணம் சந்தேகத்துக்கு அக்காவின் மேலேயே சந்தேகம் வந்தது. அதற்காகப் பிறகு வெட்கப்பட்டாள்.

தட்டை மெதுவாக மேசையில் வைத்துவிட்டு அக்கா தொலைபேசியை எடுத்தாள். லாரியைத் திருப்பி அனுப்பச் சொன்னாள். பாக்டீரியா வளர்க்கும் தொட்டி, சூப், மூட்டை எதையும் யாரும் தொடக் கூடாது என்றாள். மறுமுனையில் கூடத்து மேஸ்திரி, அதற்கென்ன, வழக்கம்போலக் கொதிக்க வைத்துச் சாக்கடையில் விட்டுவிடுகிறோம் என்றார்.

"விடாதீங்க. எரிக்கணும். அத்தனையும் எரிக்கணும்."

கொதித்தாலே செத்துவிடுமே என்று அவர் கேட்டிருக்க வேண்டும்.

"சாகும்," என்றாள் அக்கா. "அது வெச்சிருக்கறது சாகாது."

பிறகு தட்டுகளை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். "வா, முதலாளிகிட்ட போலாம். சூப் என் யோசனைன்னு நான் சொல்றேன். கண்டுபிடிச்சது யாருன்னும் நான்தான் சொல்வேன். நீ வாயைத் திறக்காம நில்லு."

சந்தேகம் முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.