வேடியப்பனின் நாய்

இப்போதெல்லாம் ஆட்களுக்குச் சாமியைப் பார்க்கக்கூடப் பொறுமை கிடையாது. போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டு, கும்பிடாமலே திரும்பிவிடுகிறார்கள். கண்ணிருந்தும் இந்த லட்சணம் என்று ஜலகண்டாபுரத்திலிருந்து சேலம் வரைக்கும் பஸ்ஸில் பொருமிக்கொண்டே வந்தார் சின்னண்ணன். சர்க்கரை நோய் அவர் கண்களைத் தின்று சில வருஷமாகிறது.

ரோட்டை அகலப்படுத்தியபோது, அவர் காட்டோரம் நின்ற, வேடியப்பன் என்று ஊரே கும்பிட்ட நடுகல்லைச் சேலம் அருங்காட்சியகத்துக்காரர்கள் எடுத்துப்போனார்கள். அசலை விற்றுவிட்டு அச்சில் வார்த்த பொம்மையை நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. அது நிஜமென்றால் வரும் நோன்பித் திருவிழாவுக்குள் புதுக் கல் நட்டாக வேண்டும். கண்ணுள்ளவன் எவன் போனாலும் கயிற்றுக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். பார்வையில்லாதவர்கள் தொட்டுப் பார்க்கலாமென்று இப்போது விட்டிருக்கிறார்களாம். அதனால் அவரே கிளம்பிவிட்டார்.

அருங்காட்சியக வாசலில், அங்கே வேலை பார்க்கும் அறிவுச்செல்வி என்ற பெண் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னாள். எண்ணெயில் ஊறிய சாமிக்கு இதென்ன புதுச் சடங்கு என்று முனகினார். அவள் அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. தன் முழங்கையைக் கொடுத்துக் கூட நடந்தாள். அது பிடித்திருந்தது.

கல் குளிர்ந்திருந்தது. முதலில் விரல் முட்டியால் தட்டினார். பொம்மையில்லை. வில், தூக்கிய கை, கொண்டை. விரல்கள் கீழே இறங்கின. காலருகே நான்கு சிறு கால்கள், சுருண்ட வால்.

“எங்க வேடியப்பனுக்கு நாய் ஏது? இது வேற ஊருக் கல்லு, அம்மிணி.”

எண்ணெயும் மஞ்சளும் விரல் தடிமனுக்கு அப்பியிருந்ததாகவும், மாதக்கணக்கில் துடைத்தெடுத்த பிறகே நாய் தெரிந்ததாகவும் அவள் சொன்னாள். திருடனும் இப்படித்தான் கதை வைத்திருப்பான் என்றார்.

கூட வந்த மனைவி உண்ணாமலை அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

“ஏனுங்க, கண்ணு தெரிஞ்ச காலத்துல மட்டும் என்னத்தக் கண்டீங்க? பூசாரி கிட்டவே உடமாட்டாரு. தூர நின்னு மஞ்சளத்தானே கும்புட்டோம்?”

அவர் கை மறுபடியும் நாயிடம் போனது. ஒரு காது விடைத்திருந்தது, மற்றது மடங்கியிருந்தது. கழுத்துப் பட்டையில் சிறு மணி. தாடையின் சாய்வைத் தடவியதும் தெரிந்தது: நாய் அண்ணாந்து தன் ஆளைப் பார்க்கிறது. பின்னால் பார்வையற்றோர் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் முறைக்கு முண்டியடிக்கிற வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.

ஊரில் என்ன சொல்வதென்று உண்ணாமலை கேட்டாள்.

“இந்த நோன்பிக்குப் புதுக் கல்லு வேண்டாம்னு சொல்லு. ஆனா இதுதான்னு நான் ஒத்துக்கல. முதுகுப் பக்கம் செவுத்தோட ஒட்டி வெச்சிருக்காங்க. அதையும் தொட்டுத்தான் சொல்லுவேன்.”

சுவரிலிருந்து தள்ளி வைக்கச் சொல்கிறேன், அடுத்த மாதம் வாருங்கள் என்றாள் அறிவுச்செல்வி.

“வாரேன். நீ செய்வேன்னு நம்பி இல்ல” என்று சொல்லிவிட்டு, மனைவியின் முழங்கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.