வலியைக் காட்டும் பரிசோதனை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "சொந்த அக்காவைக்கூட விட்டுவைக்க மாட்டானா இவன்" என்று நீங்கள் திட்டுவதற்குள் நானே ஒப்புக்கொள்வது மரியாதை. அக்கா ஃபோன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தாள் போலிருக்கிறது, மாமா, அதாவது அவள் கணவர், பக்கத்தில் தொண்டையைச் செருமுவது கேட்டது.

"டேய், நீ எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடிதானே உக்காந்திருக்க? உடம்பு வலியக் கண்டுபிடிக்க என்ன டெஸ்ட் இருக்குன்னு தேடிச் சொல்லு."

"எடுத்த டெஸ்டெல்லாம் என்னாச்சுக்கா?"

"எல்லாம் நார்மல்."

பரீட்சையில் கோட்டை விட்டவள் மாதிரி சொன்னாள். மாமா குறுக்கே புகுந்தார்.

"ஒண்ணும் இல்லையாம் மாப்ள. நல்ல சேதிதானே? உங்க அக்கா என்னமோ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா."

2

தொடக்கம் ஒன்று: "ஹோட்டலின் கீழ்த்தளத்தில், நீராவி இஸ்திரி இயந்திரங்களுக்கு நடுவே, அந்தப் பெண் ஈரப் படுக்கை விரிப்பைத் தூக்கியபோது—"

தூக்கியபோது என்ன? ஒன்றும் நடக்கவில்லை. கதைக்குத் தோதாக ஒரு நாள் பார்த்து, ஒரு நொடி பார்த்து அக்காவின் வலி தொடங்கவில்லை. முதலில் தோள், அப்புறம் இடுப்பு, அப்புறம் பாதம். ஒரு அறையை வாடகைக்கு எடுத்தவன் மெல்ல மெல்ல வீடு முழுக்கச் சாமான் பரப்பியது போல. இந்தத் தொடக்கத்தை விட்டுவிட்டேன்.

தொடக்கம் இரண்டு: "அவளுக்கு வலித்தது."

இது உண்மை. ஆனால் எப்படி வலித்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அவளிடமே கேட்டேன். "காய்ச்சல் விட்ட மறுநாள் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குமே, அப்படி. எனக்கு அந்த மறுநாள் முடியவே மாட்டேங்குது" என்றாள். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே இறக்கிவிடுகிறாள். சட்டையின் தையல் தோளில் பட்டால் பல்லைக் கடிக்கிறாள். தூங்கி எழுந்தால் தூங்கியதற்கான அடையாளமே இருப்பதில்லை.

(இதைப் படித்துவிட்டு, "நான் பல்லையெல்லாம் கடிக்கல, சும்மா அளக்காத" என்றாள். கடிக்கிறாள். நான் பார்த்திருக்கிறேன்.)

3

தேடினேன். "வலி ரத்தப் பரிசோதனை" என்று தட்டியதும் முதலில் வந்தது விளம்பரம்: வலியே தெரியாமல் ரத்தம் எடுக்கிறோம், உங்கள் வீட்டுக்கே வருகிறோம். அடுத்ததும் அதேதான். வலியைத் தெரியவைக்கும் பரிசோதனையை நான் தேட, ஊரெல்லாம் வலி தெரியாத பரிசோதனையை விற்றுக்கொண்டிருந்தது. சிரிப்பு வந்தது. அப்புறம் சிரித்ததற்காக என் மேலேயே எரிச்சல் வந்தது.

இன்னும் கீழே போனபோது விஷயம் இருந்தது. தைராய்டு, ரத்தசோகை, மூட்டுவாதம், வைட்டமின் குறைவு, உடலுக்குள் அழற்சி, இவற்றுக்கெல்லாம் பரிசோதனை உண்டு. அவை எல்லாம் இல்லை என்று ஆன பிறகும் உடம்பு முழுக்க வலி மாதக்கணக்கில் தொடர்ந்தால், அதற்கு நீளமான ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த நோயை உறுதியாகக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளியைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்காவின் டாக்டரும் இதையேதான் சொல்லியிருந்தார். "இது ரத்தத்துல தெரியாதும்மா. நீங்க சொல்றதுதான் சான்று." அன்றைக்கு அவள் கிளினிக்கிலிருந்து தெம்பாக வெளியே வந்தாளாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்திருக்கிறது. இத்தனை நாளும் அவள் சொல்லிக்கொண்டுதானே இருந்தாள்?

(ஒரு இடைச்செருகல். குழந்தை விழுந்தால் முட்டியைத் தேய்த்துவிட்டு "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்கிறோம். ரிப்போர்ட் நார்மலாக வந்தாலும் "ஒண்ணுமில்ல". "ஏன் ஒரு மாதிரி இருக்க?" என்று புருஷன் கேட்டால் பெண்டாட்டி சொல்வதும் "ஒண்ணுமில்ல". ஒரே சொல்லை இத்தனை வேலைக்கு அமர்த்திவிட்டு அது சோர்ந்துபோகாமல் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். இந்தக் கட்டுரைத்தனத்தை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.)

4

மாமா பாத்திரம் எனக்கு உதைக்கிறது.

முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். எழுதச் சுலபமாக இருந்தது. குரலை உயர்த்த வைத்தேன், தட்டைத் தள்ளிவிட வைத்தேன். எல்லாம் பொய். அவர் பஸ் ஓட்டுகிறார். அக்காவுக்குப் பெரிய வியாதி ஏதாவது இருக்குமோ என்று பயந்து, ஒவ்வொரு பரிசோதனைக்கும் கூடவே போனார். எல்லாம் நார்மல் என்று தெரிந்த அன்று லேப் வாசலில், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். இது அக்கா சொல்லி எனக்குத் தெரியும்.

பயம் போனதும் எரிச்சலுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

"வண்டியில கோளாறுன்னா ஸ்டியரிங் முன்னாடி சிவப்பு லைட் எரியும் மாப்ள. எரியலன்னா எடுத்து ஓட்ட வேண்டியதுதான்."

அக்கா அந்த ஹோட்டல் இஸ்திரி வேலையை விட நினைக்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் அந்த விரிப்புகளைத் தூக்கினால் தன்னால் எழுந்து நடக்கவே முடியாது என்கிறாள். "ஒண்ணும் இல்லாததுக்கு யாராவது வேலைய விடுவாங்களா?" என்கிறார் மாமா. அவர் நம்பாமல் அவளால் விட முடியாது. இந்தக் கதையில் பணயமாக இருப்பது இது ஒன்றுதான். வேறு மர்மம் எதுவும் வைத்திருப்பேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

5

தேடிக் கிடைத்ததை அக்காவுக்கு ஃபோனில் சொன்னேன். அவள் அப்போது தனியாக இருந்தாள்.

"அப்ப எனக்கு எந்த டெஸ்டும் கிடையாதா?"

"இல்லக்கா."

"நீ என்னை வச்சுக் கதை எழுதிட்டிருக்கேன்னு சொன்னேல்ல? அதுலயாவது ஒரு டெஸ்ட் எனக்குக் கெட்டதா வரட்டும்டா."

எழுதினேன். லேப்காரர்களின் துண்டுப் பிரசுர நடையை அப்படியே பிடித்து எழுதினேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட:

"தோள்பட்டையிலிருந்து ஊசி மூலம் ஒரு துளி திரவம் எடுக்கப்படும். அத்துளி வெள்ளைத் தாளில் விடப்படும். வலி இருப்பின் தாள் ஊதா நிறமாக மாறும். வலியின் கடுமைக்கேற்ப நிறம் அடர்த்தியாகும். இதுவரை 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்ட பலருக்கும் இப்பரிசோதனையில் தாள் கறுக்கும் அளவுக்கு ஊதா தெரிந்துள்ளது."

இந்தப் பத்தியை மட்டும் வெட்டி அவள் ஃபோனுக்கு அனுப்பினேன். 'நல்லா இருக்கா?' என்று கேட்டிருந்தேன். படித்ததற்கான அடையாளம் விழுந்தது. பதில் வரவில்லை.

6

மறுநாள் கூப்பிட்டது மாமா.

"மாப்ள! தேடச் சொன்னா நீ கண்டே பிடிச்சிட்டியே!"

எனக்குப் புரியவில்லை. அவர் பேசப் பேசத்தான் புரிந்தது. ஃபோனைப் பார்த்தவர் அவர். அன்றைக்கு ஸ்பீக்கரில் கேட்ட கேள்விக்கு என் பதில் அது என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் கதை எழுதுவது அவருக்குத் தெரியும். ஆனால் கதையில் ஊசியும் திரவமும் வரும் என்று அவருக்கு யார் சொல்வார்கள்?

"நல்லா இருக்கான்னு வேற கேட்டிருக்க. அவ எங்க நல்லா இருக்கா? வலியோடதான் கிடக்கா. நான்தான் இத்தனை நாளா புரிஞ்சுக்காம... நேத்து அவ காலத் தொட்டேன் மாப்ள. சும்மா தொட்டதுக்கே சுருட்டிக்கிட்டா. அதெல்லாம் நடிக்க முடியுமா, சொல்லு? வேலைய விட்ருன்னு சொல்லிட்டேன்."

"மாமா, அந்த டாக்டர் என்ன சொன்னாரு? அக்கா சொல்றதுதான் சான்றுன்னு—"

"அது டாக்டர் ஆறுதலுக்குச் சொல்றது. இது சயின்ஸ். நீ டெஸ்டோட பேர மட்டும் போடாம விட்டுட்ட. பேரு என்ன? எந்த லேப்ல எடுக்கறாங்க?"

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: "மாமா, அது கதை" என்கிறேன். அவர் சிரிக்கிறார். சிரிப்பு நின்றதும் அக்காவைத் திரும்பிப் பார்க்கிறார். அந்தப் பார்வையை எழுத—

முடிவு ஆ: வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்கிறேன். இருவரும் லேப் லேபாக ஏறி இறங்குகிறார்கள். அப்படி ஒன்று கிடையாது என்று கவுண்டரில் சொல்கிறார்கள். அப்போது மாமா சந்தேகப்படப் போவது என்னை அல்ல. தம்பியும் அக்காவும் சேர்ந்துகொண்டு—

முடிவு இ: உண்மையிலேயே யாரோ அப்படி ஒரு பரிசோதனையைக் கண்டுபிடிக்கிறார்கள். அக்காவுக்கு எடுக்கிறார்கள். தாள் வெள்ளையாகவே இருக்கிறது.

இது மற்ற இரண்டையும்விட மோசமாக இருப்பதால் இதற்கு மேல் நான் முடிவு யோசிக்கப் போவதில்லை.

8

அக்கா ஃபோனை வாங்கிக்கொண்டாள். ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"ஏதாவது ஒரு பேரச் சொல்லிடேன்டா."

"அக்கா, அப்படி ஒண்ணு இல்லவே இல்லக்கா."

"எனக்குத் தெரியாதா?" குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எந்திரிக்காதன்னு சொல்லிட்டு இன்னிக்கு அவரே காபி போட்டாரு. ரொம்ப வலிக்குதான்னு கேட்டாருடா. கேட்டுட்டு, பதில் சொல்ற வரைக்கும் பக்கத்துலயே நின்னாரு."

கதவு திறந்தது. "பேரு சொன்னானா?" என்று மாமாவின் குரல். ஃபோன் மறுபடியும் கை மாறியது.

"சொல்லு மாப்ள. எழுதிக்கிறேன்."

என்னால் முடியவில்லை. எழுதுகிறவனுக்கு எப்படியும் ஒரு வாக்கியம் கிடைத்துவிடும் என்பார்கள். எனக்குக் கிடைக்கவில்லை. நீங்களோ இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள். அக்காவின் வலியை எந்த இடத்திலும் நீங்கள் சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை. ரிப்போர்ட் கேட்கவில்லை, தாளின் நிறத்தைக் கேட்கவில்லை, அவள் சொன்னாள், நீங்கள் நம்பினீர்கள். அது எப்படி என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. ஒருவேளை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம்.

அவர் லைனில் காத்துக்கொண்டிருக்கிறார். இந்தாருங்கள் ஃபோன், நீங்களே பேசுங்கள்.